கலிஃபோர்னியாவின் பார்வையற்றோர் சங்கங்கள்: ஒரே வேர், இரண்டு கிளை

கேள்வி இதுதான்: கலிஃபோர்னியாவில் பார்வையற்றோர் உரிமைக்காக இரண்டு அமைப்புகள் இயங்குகின்றன. ஒன்று கலிஃபோர்னியா பார்வையற்றோர் கவுன்சில். இன்னொன்று தேசியப் பார்வையற்றோர் கூட்டமைப்பின் கலிஃபோர்னியா கிளை. இரண்டும் ஏறக்குறைய ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன. பிறகு ஏன் இரண்டு? எது முதலில் வந்தது? யார் தொடங்கியது?

இரண்டுக்கும் வேர் ஒன்றே. பெர்க்லி நகரில் இருந்த ஒரு பள்ளிக்கூடம், அங்கே படித்து வெளியேறிய பழைய மாணவர்கள், அவர்களை ஒன்று சேர்த்த ஒரு கணக்கு வாத்தியார். கதை அங்கிருந்து தொடங்குகிறது. பிளவு வெகு காலத்துக்குப் பிறகு வந்தது. ஆனால் முதல் பாதி தெரியாமல் பிளவைப் புரிந்துகொள்ள முடியாது என்பதால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

அந்தப் பள்ளி 1860ல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கி 1869ல் பெர்க்லிக்கு வந்தது. காது கேளாத பிள்ளைகளும் பார்வையற்ற பிள்ளைகளும் ஒரே வளாகத்தில் தங்கிப் படித்தார்கள். 1920களில்தான் இரண்டும் தனித்தனிப் பள்ளிகளாகப் பிரிந்தன. 1980ல் பார்வையற்றோர் பள்ளி ஃப்ரீமாண்ட் நகருக்கு மாறியது. பழைய இடம் இப்போது கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் கிளார்க் கெர் வளாகம். பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடந்து போகிற தூரம். இந்த அருகாமை பின்னால் பெரிய விஷயமாக ஆனது.

பள்ளியில் படிப்பு நன்றாகவே இருந்தது. படிப்பு முடிந்த மறுநாள்தான் சிக்கல். பதினெட்டு, இருபது வயதில் வெளியே வரும் ஒருவருக்கு முன்னால் இருந்த வழிகள் மிகக் குறைவு. வீட்டுக்குத் திரும்பி ஒரு மூலையில் உட்காரலாம். இல்லையென்றால், 1885ல் ஓக்லாந்தில் தொடங்கிய வயதுவந்த பார்வையற்றோருக்கான தொழில் விடுதிக்குப் போகலாம். அங்கே துடைப்பம் கட்டுவது முக்கிய வேலை. உள்ளேயே தங்கி, உள்ளேயே சாப்பிட்டு, கிடைக்கிற சொற்பக் கூலியில் காலம் தள்ள வேண்டும். அதை நடத்தியவர்கள் கொடுமைக்காரர்கள் இல்லை. பார்வையற்ற ஒருவரால் இதற்கு மேல் முடியாது என்று மனதார நம்பியவர்கள். அந்த நம்பிக்கையை எதிர்த்துப் போராடுவது கொடுமையை எதிர்ப்பதைவிடக் கடினம், ஏனென்றால் எதிரில் நிற்பவர் நல்லவர், உங்கள் மேல் இரக்கமும் உள்ளவர்.

இந்தச் சூழலில் வளர்ந்தவர்தான் அந்தக் கணக்கு வாத்தியார், நியூவெல் பெர்ரி. 1873ல் பிறந்தவர். சிறு வயதிலேயே பார்வையை இழந்து, பெர்க்லி பள்ளிக்கு வந்து சேர்ந்தார். அப்போதைய கண்காணிப்பாளர் வாரிங் வில்கின்சன் பையனின் அறிவைக் கண்டுகொண்டார். பார்வையற்றோர் பள்ளியில் தங்கிக்கொண்டே ஊரின் பொது உயர்நிலைப் பள்ளியில், பார்வையுள்ள பிள்ளைகளோடு படிக்க ஏற்பாடு செய்தார். அங்கிருந்து பல்கலைக்கழகம். 1896ல் பட்டம். அப்புறம் ஐரோப்பா போய், 1901ல் மியூனிக் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டம்.

அந்தக் காலத்தில் பார்வையற்ற ஒரு மாணவர் கல்லூரியில் படிப்பது எப்படி நடந்தது என்று பார்த்தால்தான் அவர் கேட்ட முதல் கோரிக்கையின் கனம் புரியும். பாடநூல் எதுவும் புடைப்பெழுத்தில் கிடையாது. யாராவது வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். மாணவர் அதைக் கேட்டபடியே, துளைச்சட்டத்தில் தாளைப் பொருத்தி, ஊசியால் ஒவ்வொரு புள்ளியாகக் குத்திக் குறிப்பெடுப்பார். குத்துவது வலமிருந்து இடம். தாளைத் திருப்பிப் போட்டு விரலால் தடவினால்தான் இடமிருந்து வலமாகப் படிக்க வரும். கணக்குப் பாடம் என்றால் படித்துக் காட்டுகிறவருக்கு அந்தக் குறியீடுகள் தெரிந்திருக்க வேண்டும். நண்பர்கள் எத்தனை நாள் இலவசமாகப் படித்துக் காட்டுவார்கள்? கூலி கொடுக்கப் பார்வையற்ற மாணவரிடம் பணம் ஏது? திறமை இருந்தும் பலர் கல்லூரி வாசலோடு நின்றது இந்த ஒரு காரணத்தால்தான்.

முனைவர் பட்டத்தோடு அமெரிக்கா திரும்பிய பெர்ரிக்கு எந்தப் பல்கலைக்கழகமும் வேலை தரவில்லை. நியூயார்க்கில் தங்கி, கல்லூரி மாணவர்களுக்குக் கணக்கு டியூஷன் எடுத்துப் பிழைத்தார். அங்கே இருந்தபோது அவர் பின்நின்று பாடுபட்ட ஒரு சட்டம் 1907ல் நியூயார்க் மாநிலத்தில் நிறைவேறியது: கல்லூரியில் படிக்கும் பார்வையற்ற மாணவருக்கு வாசிப்பாளர் வைத்துக்கொள்ள அரசே பணம் தரும். பின்னால் கலிஃபோர்னியாவிலும் அப்படி ஒரு சட்டம் வந்தது. அந்தப் பணம் வாசிப்பாளர் வைத்துக்கொள்ள மட்டுமே. யாரை வைத்துக்கொள்வது, எந்தப் பாடம் படிப்பது என்பதெல்லாம் மாணவர் பாடு. விடுதிக் கூலிக்கும் இதற்கும் உள்ள தூரம்தான் இந்த இயக்கம் முழுவதும் நடந்த தூரம் என்று நான் நினைக்கிறேன்.

1912ல் பெர்ரி தான் படித்த பள்ளிக்கே ஆசிரியராகத் திரும்பினார். 1947 வரை அங்கேதான். கணக்கு மட்டும் அவர் சொல்லிக்கொடுக்கவில்லை. பள்ளியின் பழைய மாணவர் சங்கத்தை உருவாக்கி வளர்த்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. ஒரே விடுதியில் பல ஆண்டுகள் கூட இருந்தவர்கள் என்பதால் ஒருவருக்கொருவர் நம்பிக்கை இருந்தது. படிப்பு முடித்து லாஸ் ஏஞ்சலிஸ், ஃப்ரெஸ்னோ, சாக்ரமெண்டோ என்று சிதறிப் போனாலும் தொடர்பு விட்டுப் போகவில்லை. எந்த ஊரில் யார் வேலை இல்லாமல் இருக்கிறார், எந்த கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) அதிகாரி உதவித்தொகையை இழுத்தடிக்கிறார் என்ற செய்தியெல்லாம் இவர்களுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. சங்கம் என்று பெயர்ப்பலகை வைப்பதற்கு முன்பே சங்கத்தின் வேலை நடந்துகொண்டிருந்தது.

அவர்களுடைய அடுத்த பெரிய போராட்டம் உதவித்தொகைக்காக. இங்கே ஒரு சட்டச் சிக்கல் இருந்தது. அரசுப் பணத்தைத் தனி நபருக்கு நேரடியாகக் கொடுக்கக் கலிஃபோர்னியாவின் மாநில அரசியலமைப்பு தடை போட்டிருந்தது. சில பிரிவினருக்கு மட்டும் விலக்கு. அந்த விலக்கில் பார்வையற்றோரையும் சேர்க்க வேண்டும் என்றால் அரசியலமைப்பையே திருத்த வேண்டும், அதற்கு மாநிலம் முழுக்க மக்கள் வாக்களிக்க வேண்டும். பெர்ரியும் கூட்டாளிகளும் மாநிலத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஆதரவு கேட்டு அலைந்தார்கள். 1928ல் திருத்தம் நிறைவேறியது. 1929ல் உதவித்தொகைச் சட்டம் வந்தது. அதே காலகட்டத்தில் பெர்ரியின் வட்டத்தைச் சேர்ந்த எர்னஸ்ட் குரோலி என்ற பார்வையற்ற வழக்கறிஞர் மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, பல ஆண்டுகள் உறுப்பினராக இருந்தார். வெளியே நின்று மனு கொடுத்தவர்களுக்கு உள்ளே ஒரு குரல் கிடைத்தது.

சட்டம் வந்துவிட்டால் போதுமா? நடைமுறைப்படுத்துவது கவுண்டி அலுவலகம். ஒரு கவுண்டியில் ஒரு மாதிரி, அடுத்த கவுண்டியில் வேறு மாதிரி. இதைக் கண்காணிக்க ஊருக்கு ஊர் இருந்த சிறிய சங்கங்கள் ஒன்றுசேர வேண்டியிருந்தது. அப்படி 1934ல் உருவானதுதான் கலிஃபோர்னியா பார்வையற்றோர் கவுன்சில். பெர்ரி முதல் தலைவர். ஊர்ச் சங்கங்கள் தங்கள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்து அனுப்பும், பிரதிநிதிகள் கூடி முடிவெடுப்பார்கள். கேள்வியில் கேட்ட “எது முதலில்” என்பதற்கு விடை இதுதான்: கவுன்சில் முதலில்.

பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்து அனுப்புவது என்பதை வெறும் நடைமுறை விவரமாகத் தாண்டிப் போய்விடக் கூடாது. பார்வையற்றோருக்கான நிறுவனங்கள் அமெரிக்காவில் ஏற்கெனவே நிறைய இருந்தன. 1921ல் தொடங்கிய அமெரிக்கப் பார்வையற்றோர் நிறுவனம் அவற்றில் பெரியது. ஹெலன் கெல்லர் அதற்காக ஊர் ஊராகப் போய் நிதி திரட்டினார். 1930களில் பேசும் புத்தக இசைத்தட்டுகளை உருவாக்கியதில் அதன் பங்கு பெரியது, அதை யாரும் மறுக்க முடியாது. அதன் நிர்வாக இயக்குநராக நெடுங்காலம் இருந்த ராபர்ட் இர்வினும் பார்வையற்றவர்தான். ஆகவே “அவர்கள் பார்வையுள்ளவர்கள், நாங்கள் பார்வையற்றவர்கள்” என்று பிரித்துவிட்டுப் போக முடியாது. நன்கொடையாளர்களும் அறங்காவலர்களும் அமர்த்திய ஒருவர், அவர் பார்வையற்றவராகவே இருந்தாலும், அவர்களுக்குத்தான் கணக்குச் சொல்ல வேண்டும். ஃப்ரெஸ்னோவில் துடைப்பம் விற்கும் ஒருவர் அவரைப் பதவியிலிருந்து இறக்க முடியாது. கவுன்சிலில் முடியும்.

இப்படி ஒரு எண்ணம் அமெரிக்காவில் மட்டும் தோன்றியதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பிரிட்டனில் தேசியப் பார்வையற்றோர் லீக் 1899லேயே தொழிற்சங்கமாகப் பதிவானது. பட்டறைகளில் கூடை முடைந்தும் துடைப்பம் கட்டியும் வேலை பார்த்த பார்வையற்ற தொழிலாளர்கள்தான் அதன் உறுப்பினர்கள். 1920 ஏப்ரலில் நியூபோர்ட், மான்செஸ்டர், லீட்ஸ் என்ற மூன்று ஊர்களிலிருந்து கிளம்பி, சுமார் 250 பேர் லண்டன் வரை நடந்தே போனார்கள். அவர்கள் பிடித்திருந்த பதாகையில் “நீதி வேண்டும், தர்மம் வேண்டாம்” என்று எழுதியிருந்தது. பிரதமர் லாய்ட் ஜார்ஜ் அவர்களைச் சந்தித்தார். அதே ஆண்டு பார்வையற்றோர் சட்டம் நிறைவேறி, பார்வையற்றோருக்கு ஓய்வூதிய வயது 70லிருந்து 50 ஆனது. கலிஃபோர்னியாவில் இருந்தவர்கள் தொழிற்சங்க வழியில் போகவில்லை. வழக்கறிஞர்களும் ஆசிரியர்களும் அதிகம் இருந்ததாலோ என்னவோ, சட்டமன்ற வழியில் போனார்கள். கோரிக்கை ஒன்றுதான்.

இனி கதையின் இரண்டாவது பெரிய ஆள். ஜேகபஸ் டென்புரூக். 1911ல் கனடாவில் பிறந்தவர். ஏழு வயதில் அம்பு பட்டு ஒரு கண் போனது, பதினான்கு வயதுக்குள் முழுப் பார்வையும் போய்விட்டது. குடும்பம் கலிஃபோர்னியாவுக்கு வந்ததும் பெர்க்லி பள்ளியில் பெர்ரியிடம் மாணவராகச் சேர்ந்தார். பள்ளிக்குப் பக்கத்திலேயே இருந்த பல்கலைக்கழகத்தில் 1934ல் இளங்கலை, பிறகு முதுகலை, 1938ல் சட்டப் பட்டம், 1940ல் சட்டத்தில் முனைவர் பட்டம். இத்தனை படித்தும் வேலை எளிதில் கிடைக்கவில்லை. குருவுக்கு நடந்ததே சீடருக்கும். 1942ல் பெர்க்லியிலேயே ஆசிரியரானார், வாழ்நாள் முழுக்க அங்கேயே இருந்தார். அவர் எழுதிய ஒவ்வொரு பக்கத்துக்கும் பின்னால் அவர் மனைவி ஹேசலின் உழைப்பு உண்டு. சட்டப் புத்தகங்களை அவருக்குப் படித்துக் காட்டியவர், அமைப்பு வேலைகளைச் சேர்ந்து சுமந்தவர். வரலாற்றுக் குறிப்புகளில் ஹேசலின் பெயர் ஓரமாகத்தான் வருகிறது, அது சரியில்லை.

கவுன்சில் ஏன் மாநில எல்லையைத் தாண்ட நேர்ந்தது? பணத்தின் கயிறு வாஷிங்டன் கைக்குப் போனதால்தான். 1935ல் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் பத்தாவது பகுதி பார்வையற்றோர் உதவித்தொகைக்கு மத்திய அரசின் பங்கைக் கொண்டுவந்தது. நல்ல செய்திதான். ஆனால் பணத்தோடு நிபந்தனையும் வந்தது. 1939ல் செய்த திருத்தம், உதவி பெறுபவருக்கு வரும் எல்லா வருமானத்தையும் கணக்கில் எடுத்தே தொகையை முடிவு செய்ய வேண்டும் என்று மாநிலங்களைக் கட்டாயப்படுத்தியது.

இதன் பொருள் என்ன என்று ஒரு உதாரணத்தில் பார்ப்போம். ஒருவருக்கு மாதம் 40 டாலர் உதவித்தொகை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் வீடு வீடாகப் போய்ச் சாமான் விற்று 15 டாலர் சம்பாதிக்கிறார். அலுவலகம் அந்த 15ஐக் கழித்துக்கொண்டு 25 தருகிறது. கையில் அதே 40. வெயிலில் அலைந்ததற்கு ஒரு காசு மிச்சமில்லை, செருப்பு தேய்ந்ததுதான் கண்ட பலன். இப்படி இருந்தால் யார் வேலைக்குப் போவார்கள்? “பார்வையற்றவர்கள் உழைக்க மாட்டார்கள்” என்று பிறகு அதே அலுவலகமே சொல்லும். கலிஃபோர்னியாவின் பழைய சட்டம், சம்பாத்தியத்தில் ஒரு பகுதியை உதவி பெறுபவரே வைத்துக்கொள்ள விட்டிருந்தது. பல ஆண்டு போராடிப் பெற்ற அந்தச் சலுகை, தொலைதூரத் தலைநகரில் எழுதிய ஒரு வரியால் போய்விடும் நிலை வந்தது.

கவுன்சில் இரண்டு வழியில் பதிலடி கொடுத்தது. ஒன்று, உள்ளூரில்: 1941ல் கலிஃபோர்னியா தனியாக ஒரு உதவித் திட்டத்தை உருவாக்கியது. ஓரளவு சொந்தக் காலில் நிற்கும் பார்வையற்றோருக்கான அந்தத் திட்டத்தில் மத்திய அரசின் பணம் ஒரு டாலர்கூடக் கிடையாது. ஆகவே மத்திய அரசின் நிபந்தனையும் கிடையாது. மாநிலமும் கவுண்டிகளும் முழுச் செலவையும் ஏற்றன. எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் இது. மத்திய அரசு தரும் பாதிப் பணத்தை வேண்டாம் என்று சொல்லவைக்க எவ்வளவு ஆதரவைத் திரட்டியிருக்க வேண்டும்!

இரண்டாவது வழி, மற்ற மாநிலங்களோடு சேர்வது. 1940 நவம்பர் 15, 16 தேதிகளில் பென்சில்வேனியாவின் வில்க்ஸ்-பேரி என்ற ஊரில் 7 மாநிலங்களிலிருந்து 16 பேர் கூடினார்கள். கலிஃபோர்னியா, இல்லினாய், மினசோட்டா, மிசௌரி, ஒஹையோ, பென்சில்வேனியா, விஸ்கான்சின். தேசியப் பார்வையற்றோர் கூட்டமைப்பு அங்கே பிறந்தது. அமைப்பு விதிகளை எழுதியவர் டென்புரூக், முதல் தலைவரும் அவரே. அப்போது அவருக்கு வயது 29. பெர்ரியின் வட்டத்தைச் சேர்ந்த இன்னொரு பார்வையற்ற வழக்கறிஞர் ரேமண்ட் ஹென்டர்சன் நிர்வாக இயக்குநரானார். நாடு தழுவிய அமைப்பின் நடுநாயகமாக ஒரு பள்ளியின் பழைய மாணவர்கள் நின்றார்கள்.

வருமானத்தைக் கழிக்கும் அந்த விதியை அசைக்க அவர்களுக்குப் பத்து ஆண்டுகள் ஆயின. 1950ல் சட்டம் திருத்தப்பட்டு, மாதச் சம்பாத்தியத்தில் முதல் 50 டாலரைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று வந்தது. 1960ல் அது 85 டாலராகவும், அதற்கு மேல் வருவதில் பாதியாகவும் உயர்ந்தது. டென்புரூக் இதே காலத்தில், 1950 முதல் 1963 வரை, கலிஃபோர்னியாவின் மாநிலச் சமூகநல வாரியத்தில் உறுப்பினராகவும் பின்னர் தலைவராகவும் இருந்தார். மனுக் கொடுத்தவர் மனுவைப் பரிசீலிக்கும் மேசையில் அமர்ந்தார்.

கவுன்சிலின் தலைமை 1953ல் பெர்ரியிடமிருந்து டென்புரூக்குக்கு வந்தது. அதற்கு முன்பே ஓக்லாந்து விடுதி இருந்த இடத்தில் வேறொன்று முளைத்திருந்தது: 1951ல் பார்வையற்றோருக்கான பயிற்சி மையம். துடைப்பம் கட்டிக்கொண்டு காலம் முழுக்கத் தங்குவதற்குப் பதிலாக, சில மாதங்கள் தங்கி, கோலோடு நடக்கவும் பிரெய்ல் என்ற புடைப்பெழுத்தைப் படிக்கவும் தனியாகச் சமைக்கவும் கற்றுக்கொண்டு வெளியே போவதற்கான இடம். அங்கே ஆசிரியராக இருந்த கென்னத் ஜெர்னிகன் 1958ல் அயோவா மாநிலத்துக்குப் போய் அங்கே பார்வையற்றோர் ஆணையத்தை நடத்தினார், பிறகு கூட்டமைப்பின் தலைவரும் ஆனார். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1950களில் நிறுவனங்களோடு உரசல் முற்றியது. பட்டறையில் வேலை செய்பவர்களும் உதவித்தொகை வாங்குபவர்களும் கூட்டமைப்பில் சேர்ந்தால் மிரட்டப்படுகிறார்கள் என்ற புகார்கள் வந்தன. கூலியும் உதவியும் யார் கையில் இருக்கிறதோ அவர்களை எதிர்த்து ஒருவர் சங்கத்தில் சேருவது எளிதா? 1957ல் ஜான் எஃப். கென்னடி, அப்போது செனட்டர், பார்வையற்றோர் சங்கம் அமைக்கும் உரிமையைப் பாதுகாக்க ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். தங்களைப் பாதிக்கும் திட்டங்களில் பார்வையற்றோர் அமைப்புகளைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்பதும் அதில் இருந்தது. 1959ல் அது பற்றி விசாரணைகள் நடந்தன. நிறுவனங்கள் கடுமையாக எதிர்த்தன. மசோதா சட்டமாகவில்லை. ஆனால் ஊருக்கு ஊர் இருந்த சிறு சங்கங்களைச் சேர்ந்தவர்கள் தங்கள் அனுபவத்தை நாடாளுமன்றக் குழுவின் முன் சொல்லிப் பதிவு செய்ய முடிந்ததே, அதுவே பெரிது.

சரி, பிளவுக்கு வருவோம். வெளியே இவ்வளவு வேலை நடந்துகொண்டிருந்தபோதே 1950களின் கடைசியில் உள்ளே சண்டை மூண்டது. தலைவருக்கு எவ்வளவு அதிகாரம்? மாநிலக் கிளைகள் எவ்வளவு தூரம் சுதந்திரமாக இயங்கலாம்? ஒரு தரப்பு, பலமான நிறுவனங்களை எதிர்க்க ஒரே குரலும் உறுதியான தலைமையும் வேண்டும் என்றது. இன்னொரு தரப்பு, நிறுவனங்களிடம் எந்த எதேச்சாதிகாரத்தைக் கண்டு வெளியே வந்தோமோ அதை நமக்குள்ளேயே வளர்க்கலாமா என்று கேட்டது. சில மாநிலக் கிளைகள் இடைநீக்கம் செய்யப்பட்டன. 1961 ஜூலையில் கான்சாஸ் சிட்டியில் நடந்த மாநாட்டின்போது டென்புரூக் தலைமையிலிருந்து விலகினார். அதிருப்தியாளர்கள் அங்கேயே அமெரிக்கப் பார்வையற்றோர் கவுன்சில் என்ற புதிய தேசிய அமைப்பைத் தொடங்கினார்கள். அதே 1961ல்தான் நியூவெல் பெர்ரியும் காலமானார்.

இரு தரப்பின் வாதத்திலும் உண்மை இருந்தது என்பதே என் கருத்து. யாரோ சதி செய்து உடைத்தார்கள் என்று எழுதுவது எளிது, ஆனால் அது நியாயமில்லை. உறுப்பினர்களுக்குப் பதில் சொல்லும் அமைப்பு வேண்டும் என்று தொடங்கிய இயக்கத்தில், பதில் சொல்வது எப்படி என்ற கேள்வி உள்ளேயும் எழத்தான் செய்யும். துயரம் என்னவென்றால், இருபது வருடம் ஒன்றாக வேலை செய்தவர்கள் ஒருவரோடொருவர் பேசாமல் போனார்கள்.

கலிஃபோர்னியா அப்போது உடையவில்லை. மாநிலக் கவுன்சில் கூட்டமைப்பின் கிளையாக அதோடுதான் நின்றது. டென்புரூக் 1966ல் மறுபடியும் தேசியத் தலைவரானார். அந்த ஆண்டு கலிஃபோர்னியா சட்ட இதழில் அவர் எழுதிய “உலகில் வாழும் உரிமை” என்ற நீண்ட கட்டுரையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அதுவரை அமெரிக்க நீதிமன்றங்களில் அடிக்கடி நடந்தது இதுதான்: பார்வையற்ற ஒருவர் தெருவில் நடந்து போகிறார், மூடாமல் விட்ட குழியில் விழுகிறார், வழக்குப் போடுகிறார். துணையில்லாமல் வெளியே வந்ததே உன் கவனக்குறைவு என்று நீதிமன்றம் நஷ்டஈட்டை மறுத்துவிடும். டென்புரூக் கேட்டார்: தெரு பொதுமக்களுடையது என்றால் அந்தப் பொதுமக்களில் பார்வையற்றவர் இல்லையா? அவர்களும் அதே தெருவில் நடப்பார்கள் என்பதை எதிர்பார்த்துக் குழியை மூடுவதுதானே நகராட்சியின் கடமை? வீட்டுக்குள் இருந்தால் பாதுகாப்பு உண்டு, வெளியே வந்தால் இல்லை என்பது சட்டத்தின் பெயரால் போட்ட வீட்டுக்காவல் அல்லவா?

இந்த வாதத்திலிருந்து உருவானது, மாநிலங்கள் பின்பற்றுவதற்கான முன்மாதிரிச் சட்டம் ஒன்று. பார்வையற்றோர் ஏந்தும் வெள்ளைக் கோலின் பெயரால் அது வெண்கோல் சட்டம். தெரு, பேருந்து, ரயில், விடுதி, உணவகம் எல்லாவற்றிலும் மற்றவர்களுக்கு உள்ள அதே உரிமை. வழிகாட்டி நாயைக் கூட்டிப்போகவும் உரிமை. கலிஃபோர்னியா இதை 1968ல் சட்டமாக்கியது. டென்புரூக் அதே ஆண்டு மார்ச் மாதம் புற்றுநோயால் இறந்தார். அந்தச் சட்டம் இன்றும் கலிஃபோர்னியாவின் குடிமைச் சட்டத் தொகுப்பில் 54வது பிரிவாக இருக்கிறது. 1990ல் வந்த அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டத்துக்கு இருபது ஆண்டுகளுக்கும் முன்னால் வந்தது அது.

அடுத்து தேசியத் தலைமைக்கு வந்தவர்தான் ஜெர்னிகன். அவர் காலத்தில், 1970களின் இறுதியில், கலிஃபோர்னியா கிளைக்கும் தேசியத் தலைமைக்கும் மோதல் வந்து நீதிமன்றம்வரை போனது. 1961ல் நாடு முழுக்க நடந்த அதே வாக்குவாதம், தலைமையின் அதிகாரமா கிளையின் சுதந்திரமா என்பது, பிறந்த வீட்டிலேயே நடந்தது. முடிவில் இரண்டானார்கள். கலிஃபோர்னியா பார்வையற்றோர் கவுன்சில் என்ற பெயரோடு ஒரு பிரிவு போய், நாளடைவில் அமெரிக்கப் பார்வையற்றோர் கவுன்சிலோடு இணைந்தது. தேசியக் கூட்டமைப்பு தனக்கென ஒரு கலிஃபோர்னியா கிளையை வைத்துக்கொண்டது. நீங்கள் பார்க்கும் இரண்டு அமைப்புகள் இவைதான். 1934ஐத் தொடக்கமாகக் கொண்டாட இருவருக்குமே உரிமை உண்டு. இருவரும் நியூவெல் பெர்ரியைத் தங்கள் முன்னோராகச் சொல்வதில் தவறில்லை.

உலக அளவிலும் இதே போக்கு கொஞ்ச காலம் இருந்தது. 1964ல் டென்புரூக் தலைமையில் சர்வதேசப் பார்வையற்றோர் கூட்டமைப்பு உருவானபோது, சேவை நிறுவனங்களின் உலக அமைப்பு ஒன்று ஏற்கெனவே இருந்தது. 1984ல் ரியாத் நகரில் இரண்டும் இணைந்து உலகப் பார்வையற்றோர் ஒன்றியமாயின. அங்கே முடிந்தது கலிஃபோர்னியாவில் முடியவில்லை.

எதில் சேரலாம் என்று கேட்டால், இரண்டுக்கும் ஊர்க் கிளைகள் உண்டு, இரண்டிலும் பார்வையுள்ளவர்களும் உறுப்பினராகலாம். ஆனால் பெரும்பான்மை பார்வையற்றோராக இருக்க வேண்டும் என்பது இருவரும் வைத்திருக்கும் விதி. கொள்கையைவிட உங்கள் ஊர்க் கிளை எப்படி நடக்கிறது என்பதுதான் முக்கியம். ஒரு மாதக் கூட்டத்துக்குப் போய் உட்காருங்கள். பேருந்து நிறுத்தத்தில் அறிவிப்பு ஒலிக்கவில்லை, வாக்குச் சாவடியில் பேசும் இயந்திரம் இயங்கவில்லை என்று உறுப்பினர் எழுந்து சொல்லும்போது, அதை யார் எடுத்துக்கொண்டு எந்த அலுவலகத்துக்குப் போகிறார்கள், அடுத்த மாதக் கூட்டத்தில் திரும்பி வந்து என்ன சொல்கிறார்கள் என்று கவனியுங்கள். எந்தக் கிளையில் அந்தப் பதில் ஒழுங்காக வருகிறதோ அதில் சேருங்கள்.